தம்பியின் கை தாவிய இடம்

"ஆன்ட்டி, இந்த இடத்துல உங்க தம்பி தப்பா வாசிக்கிறாரு."

தர்ஷினி அப்படிச் சொன்னதும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. தர்ஷினி எனக்குப் பியானோ கற்றுத்தரும் பெண். என் வயதில் பாதிகூட இருக்காது. ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் ஒரு கடைவரிசையின் மாடியில் அவளுடைய வகுப்பு. கீழே காசு போட்டுத் துவைக்கும் சலவைக் கடை. துணி உலர்த்தும் இயந்திரங்களின் சூடும் சோப்பு வாசனையும் படியேறி வந்து, ஏர்கானையும் மீறி அந்தச் சின்ன அறைக்குள் நிற்கும்.

என் கைப்பேசியைப் பியானோ மேல் சாய்த்து வைத்திருந்தோம். அதில் என் தம்பி சேகரின் இரண்டு கைகள் வாசித்துக்கொண்டிருந்தன. முகம் தெரியாது. எப்போதோ ஓர் ஒத்திகையில், கீபோர்டின் ஓரத்தில் கைப்பேசியை நிறுத்தி அவனே எடுத்து அனுப்பிய காணொளி. விரலில் கல்யாண மோதிரம். நகக்கண்ணில் பைக் செயின் கறுப்பு. பின்னால் கேட்கும் குரல் என்னுடையது.

சேகர் இறந்து ஓராண்டு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. செத்துப்போன தம்பியைத் தப்பு என்று ஒரு சின்னப் பெண் சொன்னால் எந்த அக்காவுக்குத்தான் பொறுக்கும்?

"என்னம்மா தப்பு? ஊரு ஊரா மேடையில வாசிச்சவன் அவன்," என்றேன்.

"ஐயோ, கோவிச்சிக்காதீங்க ஆன்ட்டி. கார்ட் எல்லாம் கரெக்ட்தான். ஆனா கையப் பாருங்க. பக்கத்துலயே இருக்கிறத விட்டுட்டு எங்கேயோ தாவுறாரு. இன்வெர்ஷன் தெரியாதவங்க அப்படித் தாவுவாங்க. இவருக்குத்தான் நல்லாத் தெரியுதே. முன்னாடி எல்லாம் அழகா வாசிச்சாரு. இங்க மட்டும் ஏன் லா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்டதைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

பாலத்து நெரிசலில் ஒரு பாட்டு

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குச் சேகரைத் தெரியும். யோங் பெங் தோட்டத்து வீட்டில், ஒரே கொசுவலைக்குள் படுத்துத் தூக்கத்தில் என்னை உதைத்தவன் என்று எழுதியிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மூத்தவள், ராஜேஸ்வரி. ஒரு கிளினிக்கின் கவுண்டரில் வேலை. அவன் எனக்கு இளையவன். அப்பா செம்பனைக் குலை வெட்டியவர்.

எங்களுக்கு இசை சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. நான் கோயிலில் பாடிப் பாடிப் பாடகி ஆனேன். அவன் யாரோ வேண்டாமென்று கழித்த ஒரு கீபோர்டை வாங்கி, காதில் விழுந்ததை எல்லாம் தட்டித் தட்டிப் பார்த்துக் கீபோர்டுக்காரன் ஆனான்.

வார நாட்களில் அவனுக்குச் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. விடியும் முன் பைக்கை எடுத்து ஜொகூர்–சிங்கப்பூர் எல்லைப் பாலத்தைக் கடந்தால் வீடு திரும்ப இருட்டிவிடும். சனி, ஞாயிறுகளில் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கள் குழு கிளம்பும். சேகர் கீபோர்டு. நான் பாடுவேன். ஆண் குரலுக்கு மணியம் என்று ஒரு நண்பர். தாளத்துக்கு இன்னொருவர். அவ்வளவுதான் எங்கள் பட்டாளம்.

ஒரு மழை நாளில் பாலத்தில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டான். நனைந்த கோழியாக என் வீட்டு வாசலில் வந்து நின்று, "அக்கா, ஹெல்மெட்டுக்குள்ளயே ஒரு பாட்டு செஞ்சிட்டேன்," என்றான். மாரியம்மன் பாட்டு. நான்கே வரி.

*வாசல் திறந்திரு தாயே – நான்*
*வந்துகொண் டிருக்கிறேன் தாயே*
*பாலத்தில் நெரிசல் தாயே – கொஞ்சம்*
*பார்த்துக்கோ பிள்ளையைத் தாயே*

மூன்றாவது வரியில் "ஜாம்" என்றுதான் முதலில் போட்டிருந்தான். "ஏன்டா, சாமி பாட்டுல ஜாமா? ரொட்டிக்குத் தடவப் போறியா?" என்று நான்தான் மாற்றச் சொன்னேன். பாலத்தையே எடுத்துவிடு என்றதற்கு மட்டும் மறுத்துவிட்டான். "ஜொகூர்ல உக்காந்துக்கிட்டுப் பாலம் தெரியாத சாமி இருக்காக்கா?"

திருவிழாவில் அதைப் பாடினால் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள். இரண்டாம் முறை பாடும்போது சிரிப்பு நின்றுவிடும். பாதிப் பேர் தினமும் பாலத்தைக் கடப்பவர்கள், மீதிப் பேர் அவர்களுக்காகக் காத்திருப்பவர்கள். அந்தப் பாட்டை என்னைத் தவிர வேறு யாரும் மேடையில் பாடியதில்லை. அவன் வேறு பாட்டுச் செய்ததும் இல்லை.

பெட்டியில் வந்தவன்

ஒரு காலை வேலைக்குப் போனவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிடங்கிலேயே உட்கார்ந்துவிட்டான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் அப்போது கவுண்டரில் யாருக்கோ இருமல் மருந்தை எப்படிக் குடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போனை எடுத்தால் தேவியின் அலறல். தேவி, சேகரின் மனைவி. தங்காக் ஊரில் துணிக்கடைகளுக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள்.

அவனைக் கொண்டுவர நானும் தேவியும் வேனில் போனோம். இத்தனை வருடம் பைக்கில் சந்து பொந்தெல்லாம் நுழைந்து பறந்தவன், அன்று பெட்டிக்குள் படுத்தபடி வரிசையில் காத்திருந்தான். அன்றைக்கும் நெரிசல். எல்லைச் சாவடியில் அவனுக்கும் காகிதங்கள் கேட்டார்கள். வாங்கிப் பார்த்த அதிகாரி தலையைக் குனிந்து, கையைக் காட்டி அனுப்பிவிட்டார்.

வழி முழுக்கத் தேவி பெட்டியின் மேல் கையை வைத்திருந்தாள். "வீட்டுக்குத்தாங்க போறோம். இன்னும் கொஞ்ச நேரந்தான். இன்னும் கொஞ்ச நேரந்தான்," என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். அதை எழுத எனக்கு இன்றும் கை வரவில்லை. இதோடு விட்டுவிடுகிறேன்.

பதினாறாம் நாள் காரியத்தில் அந்தப் பாட்டைப் பாடச் சொன்னார்கள். கீபோர்டு இல்லை. மணியம் கையால் தாளம் மட்டும் போட்டார். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியை எடுத்தேன், சுருதி எங்கேயோ போய் விழுந்தது. பிடித்து இழுத்து வந்தால் மூன்றாவது வரியில் மறுபடியும் நழுவியது. "துக்கம்மா, தொண்ட அடைக்கத்தான் செய்யும்," என்று எல்லாரும் தேற்றினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாதங்கள் போயும் அது சரியாகவில்லை. சமைக்கும்போது பாடிப் பார்த்தேன். கைப்பேசியில் வெறும் இசையை ஓடவிட்டுப் பாடிப் பார்த்தேன். எந்தப் பாட்டாக இருந்தாலும், ஒவ்வொரு வரியையும் எடுக்கும் இடத்தில் தடுக்கினேன். சுருதி சுத்தமான குரல் என்று ஜொகூர் முழுக்கப் பெயர் வாங்கியவள் நான்! தம்பி போகும்போது என் குரலையும் கூடவே கொண்டுபோய்விட்டான் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

அந்த நேரம் பார்த்துத் தேவி வந்தாள்.

"அண்ணி, ஒரு வருச திதிக்கு அவரு பாட்ட நீங்க பாடணும். எனக்கு வேற எதுவும் வேணாம். அவரு செஞ்சதுன்னு அது ஒண்ணுதானே இருக்கு."

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். பாட்டே வராதவள் எந்தத் தைரியத்தில் ஆட்டினேனோ!

அன்றே அவனுடைய கீபோர்டையும் காரிலிருந்து இறக்கினாள். "வீட்டுல இருந்தா தொடச்சித் தொடச்சி அழுதுக்கிட்டே இருக்கேன். நீங்க வெச்சிக்கோங்க அண்ணி."

மூன்று பேர், ஒரு போட்டோ

அவனுடைய கீபோர்டு சத்தம் பக்கத்தில் இல்லாததால்தான் எனக்குப் பாட வரவில்லை, நானே வாசித்துக்கொண்டு பாடினால் வந்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டேன். அப்படித்தான் ஐம்பதைத் தாண்டிய வயதில் தர்ஷினியின் மாடிப்படி ஏறினேன். என்னோடு படித்தவர்கள் எல்லாரும் ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள். எனக்கு முந்திய வகுப்புக்கு வரும் ஒரு சிறுமி, "ஆன்ட்டி, நீங்க யாரோட அம்மா?" என்று கேட்டாள். "நான்தான்மா ஸ்டூடெண்ட்," என்றதும் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டாள்.

கார்ட் என்பது பெரிய வித்தை இல்லை. மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும், அவ்வளவுதான். சி, ஈ, ஜி சேர்ந்தால் சி கார்ட். எஃப், ஏ, சி சேர்ந்தால் எஃப் கார்ட். சேகரின் பாட்டுக்கு சி, எஃப், ஜி என்று மூன்று கார்ட் போதும். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். ஆனால் வாசித்தால் சகிக்கவில்லை. ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போக என் கை தவளை மாதிரி குதித்தது. சத்தமும் விட்டு விட்டு வந்தது.

"அதுக்குத்தான் இன்வெர்ஷன் ஆன்ட்டி," என்றாள் தர்ஷினி. "குடும்பத்தோட போட்டோ எடுக்கிறோம்னு வைங்க. அதே மூணு பேரு. ஒரு தடவ அப்பா ஓரத்துல நிப்பாரு. அடுத்த தடவ அம்மா. அப்புறம் பிள்ள. இடம் மாறி நின்னாலும் குடும்பம் அதேதானே? சி, ஈ, ஜின்னும் வாசிக்கலாம். ஈ, ஜி, சின்னும் வாசிக்கலாம். ஜி, சி, ஈன்னும் வாசிக்கலாம். எல்லாம் சி கார்ட்தான்."

இப்படி இடம் மாற்றி நிறுத்துவதற்குத்தான் இன்வெர்ஷன் என்று பெயர். அடிப்படை நிலை ஒன்று, அதைத் திருப்பிப் போட்டது இரண்டு. அடுத்த கார்டின் எந்த நிலை கைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டால் கை நகரவே வேண்டாம். ஜி, சி, ஈ என்று சி கார்டைப் பிடித்திருக்கிறேன். அடுத்தது எஃப். சி-யில் இருக்கும் விரல் அப்படியே இருக்கட்டும். ஜி-யில் இருந்த விரல் ஏ-க்கும், ஈ-யில் இருந்த விரல் எஃப்-க்கும் ஓர் எட்டு வைத்தால் ஏ, சி, எஃப். முடிந்தது. கை இருந்த இடத்திலேயே இருக்கும், பாட்டு நகரும்.

கேட்க இனிக்கும். பழகினால் உயிர் போகும். ஒவ்வொரு கார்டையும் மூன்று நிலையிலும் மேலே ஏறி, கீழே இறங்கி வாசிக்க வேண்டும். எந்த நிலை என்று தர்ஷினி கேட்டதும் சொல்ல வேண்டும். கிளினிக்கில் மருந்து டப்பாக்களை அடுக்கும்போதுகூட என் விரல்கள் மேசையில் கார்ட் பிடித்துக்கொண்டிருக்கும். "ராஜிக்கா, என்னா தாளம் போடுறீங்க?" என்று கூட வேலை செய்யும் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். வலது கை சுண்டு விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே இழுத்துப் பிடித்த மாதிரி ஒரு வலி. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது. சேகருக்கும் இங்கேதான் வலித்திருக்கும் என்று தேய்த்துவிட்டுக்கொள்வேன்.

எல்லாம் சி-யில்

நடுவில் ஒரு குழப்பம் வந்தது. வீட்டில் சேகரின் கீபோர்டில் வாசித்துப் பாடினால், வரி எடுக்கும் இடத்தில் தடுக்கினாலும் குரல் சுகமாக இருந்தது. வகுப்பில் பியானோவில் அதே கார்ட்களை வாசித்துப் பாடினால் உச்சியில் தொண்டை கீறியது. சரிதான், எனக்குப் பாட்டு முழுசாக முடிந்துவிட்டது என்று பயந்துபோனேன்.

தர்ஷினி கீபோர்டைக் கொண்டுவரச் சொன்னாள். வைத்து ஒரு சுரத்தைத் தட்டியவள், "அலமாக்! சி-ய அழுத்தினா பி ஃப்ளாட் கேக்குது!" என்று கத்தினாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள்.

எங்கள் ஊர்க் குழுக்களில் காதால் கற்றவர்கள் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. சி-யில் மட்டும்தான் வாசிக்கத் தெரியும். பாடுகிறவருக்குச் சுருதி ஏற்றியோ இறக்கியோ வேண்டுமென்றால் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிடுவார்கள். கை சி-யிலேயே வாசிக்கும், பெட்டி வேறு சுருதியில் பாடும். படித்தவர்கள் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். மேடையில் பொத்தானைத் திருப்பி வைக்க மறந்து, மணியத்துக்கு என் சுருதியைக் கொடுத்து அவர் நாதஸ்வரம் மாதிரி பிளிறிய கதை எல்லாம் எங்களிடம் உண்டு.

சேகரின் கீபோர்டு என் சுருதியில் நின்றது. அணைத்துப் போட்டுத் திரும்பத் திறந்தாலும் அதே சுருதியில் வரும்படி அவன் அமைத்து வைத்திருந்தான். தர்ஷினி சிரிப்பை நிறுத்திவிட்டு, "மாத்தவா ஆன்ட்டி?" என்றாள். "தொடாதேம்மா," என்றேன்.

மூச்சுக்கு முன்னால்

இனி தொடக்கத்தில் சொன்ன வகுப்புக்கு, அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சேகரின் கை ஏன் தாவுகிறது என்று தர்ஷினி கேட்டாள் அல்லவா? அவளால் அதை விட முடியவில்லை. காணொளியைப் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"பாருங்க ஆன்ட்டி. ஜி, சி, ஈ வாசிக்கிறாரு. அடுத்து எஃப். நமக்குப் பக்கத்துல ஏ, சி, எஃப் இருக்கு. அவரு அத விட்டுட்டு சி, எஃப், ஏன்னு மேல போறாரு. மூணு விரலும் தாவுது. வேற யாராச்சும் பாடுற வீடியோ இருக்கா?"

இருந்தது. மணியம் வேறு பாட்டுப் பாடிய ஒரு காணொளியைத் தேடி எடுத்தேன். அதில் சேகரின் கை நகரவே இல்லை. புத்தகத்தில் போட்டிருப்பது போல, ஒவ்வொரு கார்டும் பக்கத்துக் கார்டுக்கு வழுக்கிக்கொண்டு போயிற்று. மறுபடி என் காணொளி. மறுபடி தாவல்.

தர்ஷினி ஒலியைக் கூட்டிவிட்டுக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனாள். "நீங்க மூச்சு இழுக்கிறது கேக்குது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி தாவுறாரு. ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி."

அவள் பியானோவுக்குத் திரும்பி, அவன் வாசித்ததைப் போல சி, எஃப், ஏ என்று அழுத்தினாள். "இரண்டாவது வரிய எடுங்க ஆன்ட்டி."

"வந்துகொண்டிருக்கிறேன் தாயே..."

வந்தது! மாதக்கணக்கில் வராதது, ஒரு தடுக்கலும் இல்லாமல், நேராகப் போய் உட்கார்ந்தது.

"இப்ப நம்ம படிச்ச மாதிரி வாசிக்கிறேன். எடுங்க." ஏ, சி, எஃப். அதே மூன்று சுரங்கள், அதே கார்ட். என் குரல் எங்கேயோ சறுக்கியது.

மறுபடி அவன் வாசித்தபடி வாசித்தாள். குரல் வந்தது. மறுபடி புத்தகத்தின்படி வாசித்தாள். சறுக்கியது. தர்ஷினி கையைப் பியானோவிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம்.

"கார்ட்ல மேல இருக்கிற நோட்டுதான் ஆன்ட்டி நம்ம காதுக்கு முதல்ல கேக்கும். இரண்டாவது வரி ஏ-ல ஆரம்பிக்குது. அவரு ஏ-வ மேல கொண்டாந்து வைக்கிறாரு. எல்லா வரிக்கும் அப்படித்தான் செய்யிறாரு. அவரு தப்பு பண்ணல. உங்களுக்கு நோட்டு எடுத்துக் குடுக்கிறாரு."

கீழே உலர்த்தும் இயந்திரம் ஒன்று நின்று, பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. யாரும் வந்து அணைக்கவில்லை. நான் பியானோ மூடியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். பாவம் அந்தப் பெண், டிஷ்யூ பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

காரில் நான் போட்ட சண்டை

வீட்டுக்குப் போகும் வழியில் அழுகை நின்று ஆத்திரம் வந்தது. கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு, பக்கத்து இருக்கையில் அவன் உட்கார்ந்திருப்பது போல் கத்தினேன். "ஏன்டா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கத்துக்கிட்டிருக்க மாட்டேனா?"

மேடையை விட்டு இறங்கினால் ஜனங்கள் என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். சுருதி பிசகாத குரல் என்பார்கள். சேகர் பக்கத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "அக்காவுக்குப் பொறவியிலயே வந்ததுங்க," என்பான். நானும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்பேன். அப்போதெல்லாம் அவன் மனசுக்குள் என்ன நினைத்திருப்பான்? சிரித்திருப்பானா? இவளைத் தாங்கித் தாங்கிக் கை வலிக்கிறதே என்று சலித்திருப்பானா? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இல்லை. பாசம் என்று ஒரு பக்கம் நெஞ்சு உருகுகிறது. இன்னொரு பக்கம் மானமே போனது போல இருக்கிறது. இரண்டும் சேர்ந்து என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

ஆனால் தேவிக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. புத்தகத்து வழியை மூட்டை கட்டிவிட்டு அவன் வழியைப் பழகினேன். எந்த வரிக்கு எந்தச் சுரம் மேலே வர வேண்டும், அதற்கு எந்த நிலை, எப்போது தாவ வேண்டும். மூச்சுக்கு முன்னால் தாவ வேண்டும். மூச்சோடு தாவினால் தாமதம். என் மூச்சுதான், இருந்தாலும் முந்திக்கொள்ளப் படாதபாடு பட்டேன். திதிக்கு முந்திய வாரம் நான்கு வரியும் பிசகாமல் வந்தது.

மூன்றாவது வரி

தேவியின் வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தார்கள். படையலில் அவனுக்குப் பிடித்த தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கும், ஒரு மங்கு பாலில்லாத கோப்பி ஓ-வும் இருந்தன. பூசை முடிந்து சாம்பிராணிப் புகை இன்னும் கலையவில்லை. மணியம் தாளம் போட உட்கார்ந்தார். தேவி படத்துக்குப் பக்கத்தில் பாயில் இருந்தாள். நான் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்ததை ஜனங்கள் ஆச்சரியமாகப் பார்த்தார்கள்.

"வாசல் திறந்திரு தாயே" என்று எடுத்தேன். வந்தது. கை தாவியது. இரண்டாவது வரியும் வந்தது. ஒரு வருடமாகச் சபையில் வராத பாட்டு. மணியம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மூன்றாவது வரிக்குக் கையும் தாவிவிட்டது. மூச்சும் இழுத்துவிட்டேன். ஆனால் "பாலத்தில்" என்று வாயைத் திறக்கும்போது அந்த வேன் வந்துவிட்டது. தேவியின் கை பெட்டி மேல் இருந்தது தெரிந்தது. சுருதியெல்லாம் இருந்தது, குரல்தான் இல்லை. வாய் திறந்தபடியே இருக்க, கண்ணீர் கட்டைகள் மேல் விழுந்தது. கை மட்டும் நிற்காமல் அதே கார்டைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் யாரோ விசும்பினார்கள். பாட்டு இதோடு நின்றுவிடும் என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது.

"பாலத்தில் நெரிசல் தாயே..."

பாடியது தேவி. படத்தைப் பார்த்துக்கொண்டு, உள்ளங்கைகளை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு பாடினாள். மெல்லிய குரல். சுருதி ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். பாதியில் அவளுக்கே அது கேட்டுவிட்டது. பயந்துபோய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வரிக்கு அவள் மூச்சு இழுக்கப் போவது எனக்குத் தெரிந்தது.

என் கை போய்விட்டது. நான் யோசிக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எந்த நிலை, எந்த இன்வெர்ஷன் என்று ஒன்றும் யோசிக்கவில்லை. அவள் எடுக்க வேண்டிய சுரத்தை மேலே தூக்கி வைத்துவிட்டு, சுண்டு விரலைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன். தேவியின் குரல் ஒரு கணம் தடவியது. பிறகு அதைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றது.

"கொஞ்சம் பார்த்துக்கோ பிள்ளையைத் தாயே..."

மறுபடி முதல் வரியிலிருந்து பாடினாள். நான் பாடவில்லை. அவள் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தாவினேன், அவள் வந்து சேர்ந்தாள். நான்கு வரியும் முழுசாக, பிசகாமல் பாடி முடித்தாள்.

நாள்கணக்கில் நான் அவனைக் கேட்டுக் கேட்டுக் கத்திய கேள்விக்கு அப்போதுதான் பதில் தெரிந்தது. தேவிக்குப் பாட வரவில்லை என்று நான் சிரிக்கவில்லை. சலிக்கவில்லை. இவளுக்கு நான் உதவுகிறேன் என்றுகூடத் தோன்றவில்லை. அந்த நேரத்தில் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான், அவள் விழுந்துவிடக் கூடாது. சேகருக்கும் அவ்வளவுதான் இருந்திருக்கும். சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது? என் தம்பியே, உன்னைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்.

சாப்பாடு ஆரம்பித்த பிறகு தேவி என்னிடம் வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில், அவன் போன பிறகு நான் பார்க்காத ஒரு தெளிவு.

"அண்ணி, எல்லாரும் சுருதி சேந்து இருந்துச்சின்னு சொல்றாங்க. நெசமாவா? எனக்கு யாரு கத்துக் குடுத்தா? அவரு பாட்ட நானே பாடிட்டேன் அண்ணி!"

அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டேன்.

"ஆமாம்மா," என்றேன். "நீயேதான் பாடுன."